கொம்பையாவைப் பிடித்துப் போகாத கொடை

ஒரு காட்டில் நடந்ததாக எனக்குச் சொல்லப்பட்ட இந்தக் கதையை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. சொன்னது ஓர் உண்ணிக்கொக்கு. மாடு, பன்றி, எருமை என்று எதன் முதுகிலாவது உட்கார்ந்து உண்ணி பொறுக்கித் தின்னுமே, அந்த வெள்ளைக் கொக்கு. கொக்கு பேசியதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவனிடம் யார் யாரோ வந்து பேசுகிறார்கள், கொக்கு அவர்களைவிடக் கோவையாகவே பேசியது. நம்ப முடியாமல் போனது கதையில் வரும் முயலைத்தான். ஒரு முயலைப் போய் யாராவது சண்டியர் என்று பிடித்து அடைப்பார்களா? அந்த இடம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்திக் கதையை நிறுத்திவிடுவேன். பிறகு நாட்டு நடப்பைப் பார்க்கப் பார்க்க அந்தச் சந்தேகம் தானாகத் தேய்ந்துபோயிற்று. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் காட்டில் கொம்பையா என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தார். பன்றியை அவர் என்பதா என்று கேட்க வேண்டாம். காடு அவரைச் சண்டியர் என்றுதான் சொன்னது. அந்தச் சொல்லிலேயே மரியாதை ஒட்டிக்கொண்டிருப்பதால் எனக்கும் வேறு வழியில்லை.

சண்டியர் என்ற சொல்லுக்கு அங்கே நிறைய வேலை இருந்தது. தூங்க மறுக்கும் குட்டியை "என் சண்டியரு" என்று தாய்கள் கொஞ்சினார்கள். குரலை உயர்த்தும் புருஷனிடம் "பெரிய சண்டியருன்னு நெனப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். யாரிடமிருந்தாவது எதையாவது பிடுங்க வேண்டியிருந்தால், "சண்டியர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிவைங்க" என்றார்கள். பறிகொடுத்தவர்கள் அதே சொல்லைக் காறித் துப்புவதுபோலச் சொன்னார்கள். கொம்பையாவின் காதில் எல்லாம் ஒன்றுபோலத்தான் விழுந்தது. புகழ்ச்சியாக.

அவர் போட்ட சண்டை மொத்தமே ஒன்றுதான். இளவயதில் ஒரு கழுதைப்புலி அவருடைய சேற்றுக்குழிப் பக்கம் வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் ஓடினார்கள். கழுதைப்புலி சேற்றில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டது. கொம்பையா பாறையில் மோதி வாயோரத்துக் கொம்பு ஒன்றை ஒடித்துக்கொண்டார். பார்த்த யாரும் இல்லை. ஒடிந்த காலும் ஒடிந்த கொம்பும் தனித்தனியாகக் காட்டுக்குள் நடந்து போயின. இரண்டையும் சேர்த்துக் கதை செய்துகொள்ள ஊருக்குத் தெரியாதா.

இருந்தாலும் ஊர்ப்பேச்சு வருஷக்கணக்கில் தாங்காது. அதை நிலைநிறுத்தியது அரசாங்கம். வருஷாவருஷம் சிங்கராஜாவுக்குக் கொடை நடக்கும். கொடி ஏற்றுவதற்கு முன்பு, திருவிழாவில் வம்பு வரக்கூடாது என்று காட்டிலுள்ள சண்டியர்களையெல்லாம் முன்னெச்சரிக்கையாகப் பிடித்து ஸ்டேஷன் குகையில் அடைப்பார்கள். காவல் செந்நாய்கள் வந்து கொம்பையாவை நடுவில் விட்டு, பக்கத்துக்கு ஒருவராக நடத்திக்கொண்டு போகும். காலைவேளையில், காடு முழுக்கப் பார்க்கும்படி. மனைவி மாடத்தி அன்றைக்கு அவருக்குப் புதுச் சேறு பூசிவிடுவார். குட்டிகள் பின்னால் ஓடும். குகைக்குள் வேளைக்கு வேளை கிழங்கு கிடைக்கும். கொடை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த ஒரு நடையின் பயத்திலேயே அடுத்த கொடைவரை அவருடைய சேற்றுக்குழிப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள்.

சேற்றுக்குழி என்றால் சாதாரணமில்லை. கோடையில் காயாமல் கிடக்கும் சேறு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். கொம்பையாவுக்கு இப்போது முட்டி வலி. சேற்றில் படுத்திருந்தால்தான் உடம்பு தாங்கும். மாடத்தியும் குட்டிகளும் அதை நம்பித்தான் இருந்தார்கள். எருமைக் கூட்டத்துத் தலைவர் மூக்கன் தினமும் அந்த வழியாகப் போவார், தினமும் குழியைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போய்விடுவார். சண்டியர் என்ற ஒரு சொல்தான் வேலியாக இருந்தது. அது விழுந்தால் அன்றைக்கே மூக்கன் உள்ளே இருப்பார்.

இப்படி இருக்கையில் ஒரு வருஷம், கொடி ஏற்றும் அன்று காலையில், செந்நாய்கள் வந்தன. கொம்பையா புதுச்சேற்றோடு புதருக்கு வெளியே நின்றார். முன்னால் வந்த இளம் செந்நாய் அவரைப் பார்த்துத் தலையைக் குனிந்து, "வணக்கம் பெரியவரே" என்று சொல்லிவிட்டு நேரே போய்விட்டது.

"என்ன, போயிட்டானுவ?" என்றார் மாடத்தி.

"திரும்பி வருவானுவ."

"பெரியவரேன்னுல்லா சொன்னான்."

கொம்பையா வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பூசிய சேறு வெயிலில் காய்ந்து வெடிக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து மூக்கன் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, இந்த வருஷம் வீட்டுலயா?"

"முட்டி வலிக்குன்னு சொன்னேன். வண்டி அனுப்புதேன்னுருக்காங்க."

"அப்படியா" என்றார் மூக்கன். சேற்றுக்குழியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பெருமூச்சு விடவில்லை. கொம்பையாவைப் பயமுறுத்தியது அதுதான்.

வண்டியை எதிர்பார்க்காமல் அவரே ஸ்டேஷனுக்கு நடந்தார்.

ஸ்டேஷன் வாசலில் வரிசை நின்றது. வாசலிலேயே டோக்கன் கொடுத்தார்கள். அவருக்கு முன்னால் ஓர் ஓணான், தான் ஒரு கட்டெறும்பை மிரட்டும் ரீல்ஸை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு மயில், சிறுத்தை அமைச்சரின் மச்சினர் சொல்லி அனுப்பியதாகச் சொல்லி வரிசையில் இடம் கேட்டது. எல்லோரும் தங்களையும் உள்ளே அடைக்கச் சொல்லி வந்தவர்கள். ஒரு தடவை முன்னெச்சரிக்கையாக அடைத்துவிட்டால் அப்புறம் போஸ்டரில் அண்ணன் என்று போட்டுக்கொள்ளலாமாம். கொம்பையாவைப் பார்த்து ஓணான், "நீங்க எதுக்கு தாத்தா வந்திருக்கீங்க, ஏதும் காணாமப் போச்சா?" என்று அக்கறையாகக் கேட்டது.

உள்ளே ஏட்டு நரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது.

"பேரு?"

"ஏட்டையா, என்னத் தெரியலயா?"

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. இதுக்குத் தெரியணும்லா" என்று நரி கம்ப்யூட்டரைக் காட்டியது. தட்டிப் பார்த்தது. "உங்க பேருல ஒண்ணும் வரலயே. யாரையும் முறைச்சதாக்கூட இல்ல."

"கழுதைப்புலி காலை ஒடிச்சது?"

"அது இந்தப் பெட்டி வர்றதுக்கு முன்னால. பெட்டி வர்றதுக்கு முன்னால நடந்ததெல்லாம் நடக்கலேன்னு வச்சுக்கிடணும். அதுவும் போக எடமில்ல அண்ணாச்சி. மேலிடத்துல சொன்ன கணக்குக்கு ஆள் புடிச்சாச்சு. கடைசி எடத்துல வெள்ளத்தாயைப் போட்டாச்சு."

"எந்த வெள்ளத்தாயி? புல்வெளிப் பக்கம் இருக்கே, அந்த முயலா?"

"அவதான்."

கொம்பையா கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். "அவ யாரக் கடிச்சா?"

"கடிக்கல. கேட்டா. ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சு, பெரிய குட்டைக்கு எதுக்கு வேலி போட்டீங்கன்னு கேட்டா. சிறுத்தை ஐயா பதில் சொல்லாம எறங்கிப் போனாரு. பின்னாலயே போயி மறுபடியும் கேட்டா."

"கேட்டா சண்டியரா?"

நரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னது. "அண்ணாச்சி, கோபப்படாமக் கேளுங்க. சண்டியருன்னா யாரு? அவரால சண்டை வரும்னு பயந்து புடிச்சு வைக்கோம். உங்களால எங்கயாவது சண்டை வருதா? உங்களப் பாத்தா எருமைகூட ஒதுங்கிப் போகுது. நீங்க இருக்குற எடம் அமைதியா இருக்கு. உங்களை மாதிரி ஆளு இருக்கதாலதான் எங்களுக்கு வேலை கம்மி. அந்த வெள்ளத்தாயி கேட்டதுக்கு அப்புறம் அணில் கேக்குது, கீரி கேக்குது, தவளைகூட ராத்திரி முழுக்கக் கேக்குது. இப்பச் சொல்லுங்க, யாரு சண்டியரு?"

இந்த இடத்தில்தான் நான் முன்பெல்லாம் கையை உயர்த்துவேன் என்று சொன்னேன். இப்போது உயர்த்துவதில்லை. நரி சொன்னதில் எங்கே தவறு என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தெரிகிறது. ஆனால் ஸ்டேஷனில் நின்றுகொண்டு சொல்லும்படியாக இல்லை.

வேலி விஷயம் இதுதான். ராஜாவுக்குப் படகு சவாரியில் ஆசை வந்தது. சின்னப் பிராணிகள் கரையில் வந்து தண்ணீரைக் கலக்குகின்றன என்று சிறுத்தை அமைச்சர் பெரிய குட்டையைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார். ஒரு பக்கம் கதவு உண்டு. யானை, எருமை, பன்றி போன்றவர்கள் வந்தால் காவலாள் திறந்துவிடுவான். கொம்பையாவுக்கு எப்போதும் திறந்தே கிடந்ததால் அப்படி ஒரு வேலி இருப்பதையே அவர் கவனித்ததில்லை. முயல்களும் அணில்களும் மொட்டைப்பாறையைச் சுற்றிப் போய் ஓர் ஊற்றில் குடித்துவிட்டு வர வேண்டும். மொட்டைப்பாறை கழுகின் இடம். ஒளிய ஒரு புல் கிடையாது. வெள்ளத்தாயின் குட்டிகளில் இரண்டைக் கழுகு தூக்கிவிட்டது. அதன் பிறகுதான் அவள் கூட்டத்துக்குப் போனாள்.

குகைக் கம்பிக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கிழங்கு கிடந்தது. முயல் அதை என்ன செய்யும்.

"அண்ணாச்சி, நீங்களா" என்றாள். "உங்களையும் புடிச்சுட்டாங்களா?"

"இல்ல தாயி. மாட்டேங்காங்க."

"அப்ப எனக்குப் பதிலா நீங்க வந்துருங்களேன். எம்புள்ளைங்க புல்லுக்குள்ள தனியா நிக்கு. தாகம் தாங்காம அதுகளே பாறைப் பக்கம் போயிருமோன்னு இருக்கு."

கொம்பையாவின் முகம் மலர்ந்தது. இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது எதற்குக் கவலை? இருவருமாக நரியைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருப்பவள் வெளியே போகத் தயார், வெளியே இருப்பவர் உள்ளே வரத் தயார்.

"அது முடியாது" என்றது நரி. "வெளிய போறதுக்கு அவ இனிமே கேக்கமாட்டேன்னு சொல்லணும். உள்ள வர்றதுக்கு நீங்க ஏதாவது செய்யணும். ஆளு மாத்துறதுக்கு இது என்ன பஸ் சீட்டா?"

"கேக்கமாட்டேன்னு சொல்லிட்டுப் போயேன் தாயி" என்றார் கொம்பையா.

"சொல்லிட்டு?" என்றாள் வெள்ளத்தாயி. "நாளைக்குத் தண்ணிக்கு எங்க போறது?"

அவருக்கு அது புரியவில்லை. அவருக்குப் புரிந்தது ஒன்றுதான். கேட்டால் பிடிப்பார்கள். அவர் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, நின்றால் கிடைத்துவிடும். எனவே எப்படிக் கேட்பது என்று அவளிடமே கேட்டார். கற்றுக்கொள்வதற்காக அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று கொக்கு சொல்கிறது.

வெள்ளத்தாயி கற்றுக்கொடுத்தாள். "கொடைத் திடல்ல ராஜா பேசி முடிச்சு, வேற ஏதும் உண்டான்னு கேப்பாரு. யாரும் பேசமாட்டாங்க. அப்ப நீங்க எந்திரிங்க. பெரிய குட்டைக்கு எதுக்கு வேலி போட்டீங்க, அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி, சத்தம் போட்டுராதீங்க. சத்தம் போட்டா மரியாதை குடுத்துருவாங்க. மெதுவாக் கேளுங்க. மெதுவாக் கேட்டாத்தான் பயப்படுவாங்க."

"மெதுவா" என்று கொம்பையா சொல்லிப் பார்த்தார். குகை அதிர்ந்தது.

கொடைத் திடலில் முதல் நாள் அவர் எழுந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் வாயில் வந்தது, "ராஜா, சாப்பாடு எத்தன மணிக்கு?" என்பதுதான். தொண்டர் குரங்குகள் ஓடிவந்து அவரைப் பந்தியில் முதல் இலைக்குக் கூட்டிக்கொண்டு போயின. மூக்கன் பக்கத்து இலை. "வண்டி வரலயோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்தபோது சேற்றுக்குழியின் ஓரத்தில் எருமைக் குளம்பு ஒன்று பதிந்திருந்தது. மாடத்தி அதைக் காட்டினார்.

மறுநாள் திடலுக்குப் போகும் வழியெல்லாம் அவர் அந்தக் கேள்வியை முணுமுணுத்துக்கொண்டே போனார். முணுமுணுக்கும்போது மெதுவாகத்தான் வந்தது. வழியில் முதல்முறையாக வேலியையும் பார்த்தார். முள்கம்பியில் முயல்முடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்கிறது கொக்கு. அப்போது அவர் முட்டி வலியைக்கூட மறந்துவிட்டாராம்.

ராஜா பேசி முடித்து, "வேற ஏதும் உண்டா?" என்றார். கொம்பையா எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். கனைத்ததிலேயே முன்வரிசை மான்கள் எழுந்து நின்றுவிட்டன.

"பெரிய குட்டைக்கு எதுக்கு வேலி போட்டீங்க?"

மரத்திலிருந்து இலை உதிர்ந்தது. சிறுத்தை அமைச்சர் செந்நாய்களைப் பார்த்தார். செந்நாய்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. கொம்பையா கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்துக்கு ஒருவர் வந்து நிற்பதற்காகக் காத்திருந்தார். கூட்டத்தில் இருந்தபடியே மாடத்தி அவர்மேல் பூசியிருந்த புதுச்சேற்றைக் கண்ணால் சரிபார்த்தார்.

"யாருவே இது?" என்றார் ராஜா.

"கொம்பையா மகாராஜா. பழைய சண்டியர்."

ராஜா சிரித்தார். "நம்ம சண்டியரா. அதான பாத்தேன், கொரலு எப்படி இருக்கு. கேக்க வேண்டியவரு கேக்காரு. குட்டைமேல இவ்வளவு அக்கறை உள்ள ஆளை விட்டுட்டு யார் யாரையோ காவலுக்குப் போட்டுருக்கீரேவே?"

அமைச்சருக்கு உடனே விளங்கிவிட்டது. அங்கேயே மாலை வந்தது. கழுத்தில் ஒரு விசிலை மாட்டினார்கள். பெரிய குட்டைக் காவலர் கொம்பையா என்று குரங்கு மைக்கில் சொன்னது. காடு கைதட்டியது. மூக்கன் எல்லோரையும்விட வேகமாகக் கைதட்டினார். ஒருநாளும் இல்லாதபடி அன்றைக்கு அவர் பெருமூச்சு சத்தமாகக் கேட்டது. சேற்றுக்குழி பிழைத்தது.

கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேட்டவருக்கும் அது ஞாபகம் இல்லை.

கொடை முடிந்தது. வெள்ளத்தாயை விட்டுவிட்டார்கள். கேட்கமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, அடுத்த கொடைவரைக்கும் கிழங்கு போட முடியாது என்பதால் விட்டார்கள். வெளியே வந்ததும் அணில்கள் சொல்லின, கொம்பையா அண்ணாச்சி ராஜா முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்டார், இப்போது குட்டைக்கு அவர்தான் காவல். அவள் மிச்சமிருந்த குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நேராகக் குட்டைக்கு வந்தாள். மொட்டைப்பாறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கதவருகில் கொம்பையா நின்றார். விசில் வெயிலில் மின்னியது. எதிர்க்கரையில் ராஜாவின் படகு போய்க்கொண்டிருந்தது.

"கேட்டுட்டீங்களாமே அண்ணாச்சி" என்றாள் வெள்ளத்தாயி. "நல்லவேளை நீங்க இருக்கீங்க. புள்ளைங்க நாக்கு வெளிய தொங்குது. ஒரு வாய் குடிச்சிட்டு ஓடிருதோம்."

கொம்பையா குட்டிகளைப் பார்த்தார். படகைப் பார்த்தார். தூரத்தில் மூக்கன் நின்று தன்னைப் பார்ப்பதையும் பார்த்தார். கதவைத் திறந்தால் விசில் போகும். விசில் போனால் குழி போகும். அவர் கனைக்கவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தபடியே, வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"சண்டியர்த்தனம் பண்ணாத தாயி. சுத்திப் போ."

வெள்ளத்தாயி குட்டிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். "எதுக்கு வேலி போட்டீங்க அண்ணாச்சி?" என்றாள். அவர் விசிலை எடுத்து வாயில் வைத்தார். அவள் குட்டிகளைத் திருப்பிக்கொண்டு மொட்டைப்பாறைப் பக்கம் நடந்தாள். மேலே கழுகு இருந்ததா இல்லையா என்று கொக்கு சொல்லவில்லை. எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்றும் சொல்லவில்லை. கொம்பையாவின் கண்ணில் நீர் தளும்பியது என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் மறக்காமல் சொன்னது. கண்ணீர் என் சந்தேகத்தில் சேராது. அழுதிருப்பார். அழுவதற்குத்தான் அவருக்குத் தண்ணீர் இருந்ததே.

நீதி: தாகம் எடுத்தவர் சண்டியர். விசில் வைத்திருப்பவர் காவலர். கடிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருவருக்கும் இல்லை.

இந்த நீதியையும் கொக்குதான் சொன்னது, எழுதிக்கொள் என்றது. எழுதிக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, நாலு பேர் சிரிப்பார்கள். கொக்கு இறக்கையைக் கோதிக்கொண்டு கிளம்பத் தயாரானது. பக்கத்தில் அதற்காக ஓர் எருமை காத்திருந்தது, மூக்கனின் சாயலில். அப்போதுதான் இத்தனை வருஷமாக உள்ளே உட்கார்ந்திருந்ததைக் கேட்டேன். வேலியில் ஒட்டியிருந்த முடி உனக்குத் தெரிந்திருக்கிறது, கண்ணில் தளும்பிய நீர் தெரிந்திருக்கிறது, அவ்வளவு மெதுவாகச் சொன்னதுகூடக் காதில் விழுந்திருக்கிறது. அப்படியானால் அவள் குட்டிகளோடு வந்து நின்றபோது நீ அவர் முதுகில்தான் இருந்திருக்கிறாய். நரி பேசியது, ஓணான் பேசியது, தவளைகூடக் கேட்டது. கதை முழுக்க நீ ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை?